வெள்ளிக்கிழமை விரதம் இருந்த பாம்பு

போன வருடம் புரட்டாதியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிந்த கதை இது. இடம், தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் டிராம் பாதைக்குப் பக்கத்திலுள்ள ஒரு யாழ்ப்பாணத்து வீடு. நான் வளர்ந்தது டென்மார்க்கில். கட்டடங்களுக்கு வெப்பமும் காற்றோட்டமும் வடிவமைக்கும் வேலைக்காக லண்டன் வந்து, அந்த வீட்டின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும் எனக்குச் சொந்தமில்லை. அம்மாவின் சிநேகிதிக்குத் தெரிந்தவர்கள். ஆனாலும் குடிவந்த கொஞ்ச நாளிலேயே என் சாப்பாடு, என் தலைமுடி, என் கல்யாணம் மூன்றுக்கும் அன்ரி பொறுப்பெடுத்துக்கொண்டார்.

என்னோடு ஒரு பாம்பும் குடிவந்தது. கோர்ன் ஸ்நேக் என்ற இனம். செம்மஞ்சள் நிறம், விஷம் கிடையாது, சாதுவான பெட்டை. லண்டனில் யாரையும் தெரியாமல் தனியே இருந்த முதல் வருடத்தில் வாங்கினேன். வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது எனக்காக அசைகிற ஒரே உயிர் அதுதான். அதை விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தால் அறையே வேண்டாமென்றிருப்பேன். அன்ரி அப்படிச் சொல்லவில்லை. "அது அறையை விட்டு வெளியிலை வரக் கூடாது. நானும் அந்த அறைக்குள்ளை வர மாட்டன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றின.

சாப்பாடும் சிக்கலில்லை. இரண்டு கிழமைக்கு ஓர் எலி. செல்லப்பிராணிக் கடையில் உறைந்த எலி பையில் கிடைக்கும். வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து முன்னால் ஆட்டினால் உயிருள்ளது என்று நினைத்து விழுங்கிவிடும். நான் அதை மூன்று பைகளுக்குள் போட்டு, ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, மூடியில் என்ன, எத்தனை, எப்போது வாங்கியது என்று எழுதி ஒட்டி, கீழே இருந்த பெரிய பிரீசரின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். இதில் என்ன பிழை வரலாம் என்று யோசித்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஆட்களின் பிரீசரில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருப்பதே இல்லை என்பதை யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருந்து அன்ரியின் தங்கை வந்திருந்தார். மீனும் கணவாயும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுகிறார்கள் என்று மணத்திலேயே தெரிந்தது. பிறகு ஒரு அலறல். நான் படியிறங்கி ஓடினால், மேசையில் என் பெட்டி திறந்து கிடக்கிறது. கணவாய் என்று நினைத்து அன்ரி இளக வைத்திருக்கிறார்.

"அக்கா, இண்டைக்கு எலிக் கூழோ?" என்று கேட்டுவிட்டுத் தங்கை சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அன்ரி சிரிக்கவில்லை.

"உனக்கு விசரே பிள்ளை? செத்த எலியை நாங்கள் சாப்பிடுற சாமானோடை வைக்கிறதே?"

"மூடியிலை எழுதி ஒட்டியிருக்கிறன் அன்ரி."

"நான் என்ன கண்ணாடி போட்டுக்கொண்டோ பிரீசரைத் திறக்கிறது?"

என் அறையிலேயே ஒரு குட்டிப் பிரீசர் வாங்கி வைக்கிறேன் என்றேன். ஏலாது. செத்த சீவன் இனி இந்த வீட்டுக்குள் வரவே கூடாது. அதைச் சொல்லும்போது அன்ரி சாய்ந்து நின்ற பிரீசருக்குள் அரை ஆடும் ஒரு சுறாத் துண்டும் படுத்திருந்தன. சுட்டிக்காட்டினேன். "அது கடையிலை வெட்டித் தந்தது" என்றார். அந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"அப்ப உயிரோடை இருந்தால்?"

"உயிரோடை எண்டால் பின்னாலை ஷெட்டுக்கை வை. எனக்கென்ன."

அப்படித்தான் எலி வளர்க்கத் தொடங்கினேன். இணையத்தில் பாம்பு வளர்ப்போர் எல்லாம் இதைப் புகழ்ந்தார்கள். என்ன தின்று வளர்ந்தது என்று தெரியும், எப்போதும் புதிதாகக் கிடைக்கும், கடையை நம்பியிருக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் மரக்கொட்டிலாக இருந்த ஷெட்டுக்குள் கூடுகள் வைத்து, சூடு அளவாக இருக்கச் செய்து, சின்ன மின்விசிறி ஒன்றும் பூட்டினேன். காற்றோட்டம் என் தொழில். ஆனால் ஆண் எலியின் மூத்திர நாற்றம் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. என் அலுவலகக் கோட்டிலிருந்தும் அது வந்தது. டிராமில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

இரண்டாவது பிரச்சினை எண்ணிக்கை. ஒரு பாம்புக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். எலிகளுக்கு அது தெரியாது. ஒரு சோடியில் தொடங்கிய ஷெட்டில் கூட்டுக்கு மேல் கூடு ஏறியது. நான் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதற்குள் அடுத்த குட்டிகள் வந்துவிட்டன.

மூன்றாவது, தொடங்குமுன் போட்ட பட்டியலின் கடைசி வரியில் நான் சின்னதாக எழுதி வைத்திருந்த பிரச்சினை: வளர்ந்த எலியைப் பாம்புக்கு உயிரோடு போடக் கூடாது. பாம்புக்குப் பசியில்லாவிட்டால் எலி அதைக் கடிக்கும், கடித்துக் கொன்றதும் உண்டு. எனவே கொன்றுதான் கொடுக்க வேண்டும். கொல்ல வேண்டியது நான்.

இங்கேதான் அன்ரியின் நாட்காட்டி உள்ளே வந்தது. வெள்ளிக்கிழமை வளவுக்குள் உயிர்க்கொலை கூடாது. செவ்வாயும் அப்படித்தான். சதுர்த்தி பிள்ளையாருக்கு, எலி அவருடைய வாகனம், அன்றைக்கு நினைக்கவே கூடாது. அமாவாசை அங்கிளின் தகப்பனாருக்கு. அதற்கு மேல் புரட்டாதிச் சனி. அது முடிய ஐப்பசி வெள்ளி, கந்தசஷ்டி. நான் என் தொலைபேசியில் அன்ரியின் விரத நாட்களை எல்லாம் குறித்துப் பார்த்தேன். மிஞ்சியவை பெரும்பாலும் வேலை நாட்கள், நான் வீடு வர இருட்டிவிடும். விளக்கு வைத்த பிறகும் கூடாதாம்.

"ஒரு நாளைக்கு மரக்கறி குடுத்துப் பாருமன் பிள்ளை" என்றார் அங்கிள். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் வாய் திறப்பார். "புடலங்காய் நல்லாயிருக்கும். சொந்தக்காரர் எண்டு சாப்பிடாமல் விட்டாலும் விடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாம்பு எந்த விரதத்தையும் நேர்ந்துகொள்ளவில்லை. அது மீன் சாப்பிடுகிறவர்களின் வீட்டில், அவர்கள் மீன் சாப்பிடாத நாட்களுக்காகப் பட்டினி கிடந்தது. ஒரு முறை கொடுக்க வேண்டிய தவணை தவறியது. பிறகு இன்னொன்று. நன்றாக வளர்ந்த பாம்பு பல கிழமைகள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்தத் தகவலைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியின் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து மாடி ஏறினேன். பாம்பின் கண்ணாடித் தொட்டி மூடியில் நான் மாட்டும் கொக்கி மாட்டியிருக்கவில்லை. உள்ளே பார்த்தேன். பாம்பு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அதன் முதுகில் ஒரு வெள்ளை எலி உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் தோலில் இரண்டு இடம் கிழிந்து சதை தெரிந்தது. தொட்டேன். மிக மெதுவாகத்தான் அசைந்தது.

எலியைப் பிடித்து ஒரு வாளிக்குள் போட்டுவிட்டுக் கீழே இறங்கவும், அன்ரியும் அங்கிளும் கோயிலால் வந்து நுழையவும் சரியாக இருந்தது. நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்று உயர்த்தினேன்.

"என்ரை அறைக்குள்ளை ஆர் வந்தது? எலியை உயிரோடை ஆர் போட்டது?"

அன்ரியின் கையில் அர்ச்சனைத் தட்டு. "நான்தான்" என்றார். "ஏன் பிள்ளை, சாப்பிடேல்லையே?"

"அது இவளைச் சாப்பிட்டிட்டுது அன்ரி!"

அங்கிள் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டார். "சண்டையைக் காருக்கை பிடியுங்கோ. இப்ப ஏறுங்கோ."

பாம்புகளைப் பார்க்கும் விலங்கு மருத்துவர் சட்டன் என்ற ஊருக்கு அப்பால் இருந்தார். பாம்பைத் துணிப்பையில் வைத்து, அதை ஒரு பெட்டிக்குள் வைத்தேன். நான் தொலைபேசியில் மருத்துவமனையோடு பேச வேண்டியிருந்தது. அதனால் பெட்டி அன்ரியின் மடிக்குப் போனது. அவர் மறுக்கவில்லை. காஞ்சிபுரம் சேலை மடியில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். வெள்ளி மாலைப் போக்குவரத்து. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அங்கிள் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

காத்திருக்கும் அறையில் நாய்கள், பூனைகள், அவற்றின் சொந்தக்காரர்கள். நடுவில் நெற்றி நிறையத் திருநீற்றோடு அன்ரியும் அங்கிளும், பக்கத்தில் நானும். மருத்துவர் பாம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். முயல் கூண்டோடு இருந்த ஒரு பெண் எங்களுடையது என்ன என்று விசாரித்தார். அன்ரி தன் ஆங்கிலத்தில், பாம்பு, மிக நல்ல பிள்ளை என்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணெல்லாம் வெள்ளையாப் போய்க் கிடந்துது பிள்ளை. தோலும் மங்கிப் போச்சுது. என்ரை விரதத்தாலை ஒரு சீவன் குருடாகுதே எண்டு நெஞ்சு பதைச்சுது."

"அது தோல் கழட்டப் போகுது அன்ரி. அப்பிடித்தான் கண் வெளுக்கும். அந்த நேரம் அதுக்குப் பார்வையும் தெரியாது, சாப்பிடவும் சாப்பிடாது."

"நீ அதைச் சொல்லேல்லையே."

"நீங்கள் அறைக்குள்ளை வரவே மாட்டனெண்டெல்லோ சொன்னனீங்கள்!"

"இண்டைக்கு மட்டும்தான் உள்ளுக்கை வந்தன். மற்ற வெள்ளியெல்லாம் வாசல்லை நிண்டு எட்டிப் பாக்கிறனான்."

"உயிர்க்கொலை கூடாதெண்டு சொல்லிப்போட்டு எலியை ஏன் போட்டனீங்கள்?"

"நான் கொல்லேல்லைத்தானே. அது தானாப் பிடிச்சுச் சாப்பிட்டால், அது அவை ரெண்டு பேற்றை விசயம் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அங்கிள் சுவரில் ஒட்டியிருந்த நாய்களுக்கான பூச்சி மருந்து விளம்பரத்தை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். என்னைவிட வயது குறைந்த பெண். காயத்தைத் தைத்திருந்தார். ஒரு கடி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் முதுகெலும்பு போயிருக்கும், கிருமி ஏறாமல் இருந்தால் பிழைக்கும், சில நாட்கள் போனால்தான் சொல்லலாம் என்றார். உயிருள்ள எலி ஏன் என்று கேட்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். நான் சொன்ன காலத்தைக் கேட்டு எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். ஏன் இவ்வளவு இடைவெளி?

அன்ரியின் விரத நாட்களைச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. முந்திய கிழமை ஒரு புதன்கிழமை எந்த விரதமும் இல்லாமல் காலியாக இருந்தது. நான் அரை நாள் விடுப்பும் எடுத்திருந்தேன். ஷெட்டுக்குள் போனேன். கொல்லும் முறை எனக்கு மனப்பாடம். ஒரு எலியை எடுத்தேன். அது என் உள்ளங்கையில் சூடாக இருந்துகொண்டு என் விரலை முகர்ந்தது. நான் அதைக் கூட்டுக்குள் திரும்ப விட்டேன். அன்று மாலை, நாள் சரியில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்திய காலி நாட்களிலும் அதுதான் நடந்தது. அன்ரியின் நாட்காட்டி மேல் எரிந்து விழுந்துகொண்டே, அதற்குப் பின்னால் நான்தான் ஒளிந்திருந்தேன். "வீட்டிலே கொல்ல என்னால் முடியவில்லை" என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். பெரும்பாலானவர்கள் அதற்காகத்தான் உறைந்ததை வாங்குகிறார்கள் என்றார்.

பாம்பு பிழைத்தது. தினமும் மருந்து பூச வேண்டியிருந்தது. நான் வேலைக்குப் போன நாட்களில் அன்ரி பூசினார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. கார்த்திகையில் தோல் கழற்றியபோது தழும்புள்ள இடத்தில் மட்டும் தோல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஈரத்துணியால் மெதுவாக எடுத்தோம். அதற்கு முன்பே அன்ரி பிரீசரின் அடித்தட்டைக் காலியாக்கி, சுறாவை மேலே ஏற்றியிருந்தார். "கடையிலை வாங்கிக்கொண்டு வந்து வை. கேக்காதை, வை" என்றார்.

ஷெட்டில் இருந்த எலிகள் இன்னும் இருக்கின்றன. யாரும் எடுக்கத் தயாரில்லை, கொல்லவும் ஆளில்லை. ஆண் வேறு, பெண் வேறாக வயதாகிக்கொண்டிருக்கின்றன. காலையில் அன்ரி புட்டுத் தூள் போடுகிறார். சனிக்கிழமைகளில் கூடு கழுவுவது நான். நாற்றம் அப்படியே இருக்கிறது. கழுவும் ஒவ்வொரு முறையும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பாம்புக்கு மாதம் இருமுறை உறைந்த எலி. கடையில் பையை வாங்கும்போது, இதை யார், எந்த நாளில், எப்படிக் கொன்றார் என்று நான் கேட்பதில்லை. கேட்கவும் விரும்பவில்லை. கடையில் வெட்டித் தந்தது என்று அன்ரி சொன்னபோது விளங்காத நியாயம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. அது பெரிய நியாயம் இல்லை, ஆனால் நானும் அதில்தான் வாழ்கிறேன். என் கை சுத்தமாக இருக்கிறதென்றால், அந்த வேலையை எங்கோ வேறொருவரின் கை செய்து முடித்திருக்கிறது என்பதை வெந்நீரில் அந்தச் சின்ன உடல் இளகும்வரை பக்கத்தில் நின்று நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்களின் நியாயத்தில் ஓட்டை தேட முன்னைப்போல எனக்கு வாய் வருவதில்லை.