போத்தனூர்: யாரும் அளக்க வராத மண் தூண்

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். ரயிலால் போத்தனூர் உருவான கதையைச் சிறு நூலாக எழுத எண்ணி, 1996 ஜூனில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். பீளமேட்டில் காலை 7.10க்கு பஸ் ஏறி, உக்கடத்தில் மாறி, 8.25க்கு இறங்கினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து மூன்று ரூபாய் என்று நினைவு, தவறாகவும் இருக்கலாம்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை கோவை நகரைத் தொடாமல் போத்தனூர் வழியாகவே போனது. கோவைக்குக் கிளைப் பாதை பிறகுதான் வந்தது. ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ரயில் ஓட்டியவர்களின் பெயர்கள் இருந்தன. மண் வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

பாதையோரம் அரை மைல் நடந்ததும் ஒரு பழைய குழி. அதன் நடுவே ஆள் உயர மண் தூண். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் அதற்கு ஈரமண் பூசிக்கொண்டிருந்தார். பெயர் மாராத்தாள்.

"ரயில் ரோட்டுக்கு மண்ணெடுக்கக் குழி வெட்டறப்ப ஆழம் அளக்க நடுவுல இப்படி உட்டு வெப்பாங்க. அளந்ததும் வெட்டிப்போடுவாங்க. இதை அளக்கறதுக்குள்ள வாந்திபேதி வந்து அத்தனை பேரும் போயிட்டாங்க. எங்க பாட்டனோட அப்பாரு ஒருத்தருதான் தப்புனாருங்க. வருசா வருசம் நாங்க மண்ணு பூசறமுங்க."

அடுத்த மாதம் குழியை மூடி வீட்டுமனை போடப்போகிறார்களாம். படித்தவர் யாராவது பழைய சின்னம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த இடத்தை மட்டும் விடுவதாக மனைக்காரர் சொல்லியிருந்தார்.

"நாலு வரி எழுதிக் குடுங்க சார்."

"ஆதாரம் ஏதாவது இருக்குங்களா?"

"செத்தவங்க கையெழுத்துப் போட்டுட்டா போவாங்க? நல்லாக் கேட்டீங்க போங்க!"

சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் வருகிறேன் என்றேன். பூசிப் பூசி வளர்ந்த தூணில் பழைய மண் எவ்வளவு என்ற சந்தேகம் என்னை விடவில்லை. நூலகங்களில் தேடியதில் ஐந்து வாரம் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பிப் போனபோது குழியே இல்லை. சமன் செய்த மண்ணில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். மாராத்தாள் வீட்டில் காபி கொடுத்தார்.

"தேடுன காயிதம் கெடச்சுதுங்களா சார்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

போத்தனூர் போகிறவர்கள் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், வெயில் கடுமை. முதலில் அங்கே இருக்கிறவர்களிடம் பேசுங்கள். நூலகம் எங்கும் போய்விடாது. 'இக்குடும்பத்தார் இவ்வாறு சொல்கிறார்கள்' என்று நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த நூலை நான் எழுதவேயில்லை.