வாரேன் என்ற சொல்லில் வந்த முரண்

ஷைலா இருபது வருடமாகப் பிறர் சொல்வதை டைப் அடிக்கிறவர். மில்களுக்காகத் தொழிலாளர் மீது உள்விசாரணை நடத்தும் சிங்காநல்லூர் வக்கீல் ஒருவரிடம் வேலை. தொழிலாளி எப்படிப் பேசினாலும் ஷைலாவின் விரல்களில் அது நல்ல தமிழாகிவிடும். 'ஊடு' வீடாகும். 'சொல்லிப்போட்டேன்' கூறினேன் ஆகும். பிழையில்லாத பக்கத்தை உண்மையான பக்கம் என்று நம்பிவிடுவது எளிது.

சென்ற ஆவணியில் வெங்கடம்மாளின் விசாரணை நடந்தது. பதினெட்டு வருடம் நூற்பாலையில் நின்றவர். வீட்டில் கணவருக்கு வலிப்பு என்று போன் வர, ஷிஃப்டின் நடுவே மூன்று மணிக்குக் கிளம்பியிருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் போனேன் என்கிறார். சூப்பர்வைசருக்கு ஞாபகமில்லை. ஆகவே வெங்கடம்மாளின் பேச்சை நம்பலாமா என்பதில்தான் வேலை நிலைப்பதும் போவதும் இருந்தது.

இரண்டாம் நாள் வக்கீல், முதல் நாள் வாக்குமூலத்தின் பழைய தாளைப் புரட்டினார். "போன தடவை, 'மூன்று மணிக்கு வருவதாகக் கூறினேன்'னு இருக்கு. இன்னைக்கு மூணு மணிக்குப் போனேங்கறீங்க. முரண்பாடு." குறித்துக்கொண்டு, போன் பேச உள்ளே போனார்.

"ஏனுங்க அம்மணி, முரண்பாடுன்னா என்னங்க?" என்று ஷைலாவைக் கேட்டார் வெங்கடம்மாள்.

"பழைய தமிழ்ல முரண்னா சண்டைங்க்கா, பலம்னும் சொல்லுவாங்க. இப்ப ரெண்டு பேச்சு ஒண்ணையொண்ணு முட்டுனா அப்படிச் சொல்றோம்."

"கன்னுக்குட்டி முரண்டு பண்ணுதுங்கறமே, அதுங்களா?"

"அதே வேருதானுங்க."

"நான் என்ன முரண்டு பண்ணுனேன்? மூணு மணிக்கு வாரேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்களே ஊட்டுக்குப் போனேன்."

ஷைலா பழைய தாளைப் பார்த்தார். போகும்போது போகிறேன் என்று யார் சொல்கிறார்கள்? தெரிந்த வழக்கம்தான். அன்று விரல்கள் அதை யோசிக்கக் காத்திருக்கவில்லை.

வக்கீல் திரும்பி வந்ததும் ஷைலா சொன்னார்: "சார், முட்டறது அக்கா பேச்சு இல்லைங்க. என் டைப்பிங். கிளம்பறப்ப 'வாரேன்'ன்னாங்க. நான் 'வருவதாக'ன்னு அடிச்சுப்போட்டேன்."

"அவங்க கையெழுத்து இருக்கே."

"படிச்சுக் காட்டுனதும் நான்தானுங்க. சுத்தத் தமிழ்ல படிச்சா யாரும் தலையாட்டத்தான் செய்வாங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "நீங்களும் சாயங்காலம் வாரேன்னுட்டுத்தான் போறீங்க. ஒரு நாளாவது அரை மணியில திரும்பி வந்திருக்கீங்களா?" பிறகு சிரிப்பு நின்றது. "பிழை உங்களுதுன்னு எழுதிக் குடுத்துருங்க. மில்லுக்கும் ஒரு நகல் போகும். அடுத்த கேஸுக்கு வேற டைப்பிஸ்ட் கேட்டாங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க சார்."

இதை வீரம் என்று சொல்ல மாட்டேன். தன் பிழையைத் தன்னுடையது என்பது சாதாரணக் கடமை. அதைச் செய்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" வெங்கடம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"ஆகலாமுங்க்கா. நீங்க திங்கக்கிழமை ஷிஃப்டுக்குப் போகணுமில்ல?"

ஷைலா புதுத் தாள் செருகி, மேலே தன் பெயரை அடித்தார். வெங்கடம்மாள் பேசியதை, பேசியபடியே, மேற்கோள் குறிக்குள் வைத்தார்.