பெருமாளுக்கு நான் வாசித்தது

சிவனணைந்தபெருமாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் அவனை என் அளவுக்கு உன்னிப்பாகக் கவனித்தவன் வேறு யாருமில்லை. ஒருவனைக் கெடுக்க நினைக்கிறவன் கவனிக்கிற மாதிரி அவன் சிநேகிதன்கூடக் கவனிக்க மாட்டான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் கிளியரிங் ஏஜென்சி. கண்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்து கொடுப்பது வேலை. நான் தங்கதுரை, பதினெட்டு வருஷமாக அங்கே கிளார்க். பெருமாள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வேம்பார்க்காரன். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, பி.காம். முடித்து, மடக்குக் குச்சியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். முதலாளி புண்ணியத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து போன் எடுப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவன் போன் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். திரையில் இருப்பதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடியே டைப் பண்ணுவான். அது வாசிக்கிற வேகத்தில் நமக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது, கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருக்கும். கண்டெய்னர் நம்பர் என்பது பதினோரு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒன்று பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். அவன் ஒரு நம்பரைக்கூடப் பிசகவிட்டதில்லை. ஒரு நாள் மேனேஜர் பாண்டியராஜன் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம், "அண்ணாச்சி, நீங்க போட்ட பேப்பர்ல ஏழாவது இடத்துல மூணுக்குப் பதிலா எட்டு கிடக்கு" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கும் தெரியும். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது.

என் மச்சினன் டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் சும்மா இருந்தான். ஆபீசில் காலியிடம் இல்லை. காலியிடம் உண்டாகாதா என்று நான் நாற்காலிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் அந்த அப்கிரேடு வந்தது. முதலாளி சிக்கனக்காரர். லைசென்சுக்கு அழ வேண்டாம் என்று எல்லா கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்தான். சிஸ்டம் பார்க்கிற ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றிவிட்டு, அன்று மாலையே கொச்சிக்கு வேறு வேலையாகப் போய்விட்டான். திங்கட்கிழமை காலை பெருமாள் ஹெட்போனை மாட்டினான். சத்தம் இல்லை. கழற்றி மறுபடி மாட்டினான். இல்லை. ஆபீஸ் போனில் கொச்சிக்குக் கூப்பிட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றதோடு அவன் சோலி முடிந்தது.

எங்களுக்குச் சத்தம் போனால் பாட்டு போகும், அவ்வளவுதான். பெருமாளுக்குத் திரையே போய்விட்டது. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் திரையைப் பார்க்க வேண்டும். அவன் திரையைப் பார்ப்பதே காதால்தான். செல்போன் கையில் இருந்தால் அதன் கேமராவைக் காட்டி வாசிக்க வைத்திருப்பான். ஆனால் எங்கள் ஆபீசில் போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவனுக்கு மட்டும் விடச் சொல்லிக் கேட்டான். "ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பான்" என்று பாண்டியராஜன் முடித்துவிட்டார்.

அதனால் பக்கத்து மேசைக்காரனான என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒரு கமாண்டு அடிக்கேன். ஒரு சின்னச் சத்தத்தைப் போட்டுப் பாக்கும். திரையில என்ன வருதுன்னு மட்டும் வாசிங்க. 'நோ சவுண்ட் கார்ட்ஸ் ஃபவுண்ட்'னு வந்தா கார்டே போச்சுன்னு அர்த்தம். அப்படி வராட்டா பிழைச்சோம், எங்கயோ மியூட் ஆயிருக்கும், அவ்வளவுதான்."

அடித்தான். திரையில் 'பிளேயிங்' என்று ஒரு வரி வந்தது. சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கார்டு நன்றாகத்தான் இருந்தது. என் கண் அதைப் படித்தது. வாய் வேறு சொன்னது.

"நோ சவுண்ட் கார்ட்ஸ் ஃபவுண்ட்."

முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனே எடுத்துக் கொடுத்த வார்த்தை, நாக்கில் இருந்தது, சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். "இன்னொரு தரம் அடிக்கேன், வாசிங்க" என்றான். அன்றைக்கு இரண்டு தரம், மறுநாள் இரண்டு தரம். நாலு தரமும் நான் அதையேதான் வாசித்தேன். செத்த ஹெட்போனில் இவன் என்னத்தைக் கேட்கிறான் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வாரம் ஆபீசுக்கே அவன் ஒரு வேடிக்கை. "ஏலே பெருமாளு, ஒன் பொட்டி மௌன விரதமால?" என்று ஒருத்தன் கேட்பான். இன்னொருத்தன் அவன் முன்னால் வந்து நின்று வாயை மட்டும் அசைப்பான். எல்லோரும் சிரிப்போம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் பெருமாளும் சிரிப்பான். அதைப் பார்த்து இன்னும் சிரிப்போம்.

புதன்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். சத்தமே இல்லாமல், விரல் பழக்கத்தை மட்டும் நம்பி ஒரு முழு இன்வாய்ஸை டைப் பண்ணினான். கண்டெய்னர் நம்பர்களை நான் வாசிக்க வாசிக்க ஏற்றினான். "சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். ஒரு புள்ளி பிசகில்லை. நான் அதில் ஒரு எண்ணை மாற்றி, பிரிண்ட் எடுத்து, பாண்டியராஜனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இவ்வளவு வருஷத்தில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். செய்துவிட்டு வந்து டீ குடித்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். சத்தம் வரலேன்னா ஆள மாத்திருவோம்" என்றார் பாண்டியராஜன். பெருமாளை உள்ளே கூப்பிட்டு அவனிடமும் சொல்லிவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாம தள்ளுனதா இருக்கக் கூடாதுவே. கண்ணு தெரியாதவன், பேப்பர்காரன் செய்தி போட்டுருவான். அவனா எழுதிக் குடுத்த மாதிரி ஒரு லெட்டர் தயார் பண்ணும்."

வியாழக்கிழமை அந்தக் கடிதத்தை எழுதினேன். பிரிண்டர் பெருமாள் கம்ப்யூட்டரில்தான் மாட்டியிருந்தது. அவனை எழுந்திருக்கச் சொல்லி, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கீபோர்டில், அவனுடைய ராஜினாமாவை டைப் பண்ணினேன். அவன் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஆரம்பித்தேன். "என்ன டைப் பண்ணுதிய அண்ணாச்சி?" என்று கேட்டான். "புது சவுண்ட் கார்டு வாங்கித் தரச் சொல்லி முதலாளிக்கு ஒரு லெட்டர்ப்பா, ஒனக்காகத்தான். கையெழுத்துப் போடு" என்று பிரிண்ட் எடுத்து நீட்டினேன். ஸ்கேலை வைத்து வரி பிடித்துத்தான் அவன் கையெழுத்துப் போடுவான். ஸ்கேலைக் கையில் எடுத்தவன், திரும்ப மேசையில் வைத்துவிட்டான்.

"நாளைக்குப் போடுதேன்."

வெள்ளிக்கிழமை நான் ஒன்பதரைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். பெருமாள் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். பக்கத்தில் ஜெபசுதா, ஆபீசைக் கூட்டி டீ போடுகிற அம்மாள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கம் திறந்திருந்த திரைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் நின்றாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பாள்.

"கம்பு கம்பா இருக்குய்யா. கீழ பேரு போட்டிருக்கு. ஒரு பேரு மட்டும் சிவப்பு."

"செவப்பா இருக்கத வாசிங்கக்கா."

"எச்சு… ஈ… ஏ… டீ… பி… எச்சு…"

"ஹெட்போன். அதுக்கு மேல என்ன இருக்கு?"

"ரெண்டு எம்மு. எம் எம்."

"எம்முன்னா மியூட்டுக்கா" என்று பெருமாள் ஒரு பட்டனைத் தட்டினான்.

"எம்மு போயி ரெண்டு சுழி வந்துட்டுய்யா. பச்சையா!"

பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் கம்புக்கும் போய் அதே மாதிரி தட்டினான். ஐந்து நாள் கோளாறு அவ்வளவுதான். அப்கிரேடில் எல்லாம் மியூட் ஆகியிருந்தது. பார்த்துச் சொல்ல ஒரு உண்மையான வாய் கிடைக்கவில்லை. "கர்த்தரே, சத்தம் கேக்கா?" என்று ஜெபசுதா கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அதற்குள் என் பின்னால் பாண்டியராஜனும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எல்லோரும் உள்ளே போனோம்.

காலடிச் சத்தம் கேட்டதும் பெருமாள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. நான் திறந்தபடியே விட்டுப்போயிருந்த கடிதத்தில் போய் நின்று, வாசிக்க விட்டான். வழக்கமான வேகத்தில் இல்லை, எங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி மெதுவாக வைத்திருந்தான். எனது சொந்த விருப்பத்தின் பேரில். என் இயலாமையைக் கருதி. என் இடத்தில் வேறொருவரை. ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் கடைசிப் புள்ளி வரை வாசித்தது.

"சார், இது என் லெட்டரா?" என்றான் பெருமாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் பாண்டியராஜன். "என்னவே தங்கதுரை இது?"

பெருமாள் என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அண்ணாச்சி, கார்டு முழிக்கும்போது ஹெட்போன்ல 'டிக்'குனு ஒரு சின்னச் சத்தம் வரும். ஒங்களுக்குக் கேக்காது. நாலு தரமும் எனக்குக் கேட்டுது. மொதத் தரமே நீங்க பொய் சொல்லுதியன்னு தெரியும். மிச்ச மூணு தரமும் ஒங்களுக்காகத்தான் அடிச்சேன்."

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் கடிதம் எழுதச் சொன்னது யார் என்று நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று பாண்டியராஜனுக்குத் தெரியும். ஜெபசுதாவுக்குத்தான் வேலை போனது. கம்ப்யூட்டரைத் தொட்டாள் என்று அடுத்த மாதமே அனுப்பிவிட்டார். பெருமாள் மேனேஜர் அறையில் அரைமணி நேரம் நின்று கெஞ்சினான். நடக்கவில்லை. நான் என் மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இப்போது உப்பு மூட்டை தைக்கப் போகிறாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஆபீசில் ஒரு புது வழக்கம். நான் போடுகிற ஒவ்வொரு காகிதமும் பெருமாளிடம் போய்த்தான் வெளியே போக வேண்டும். அவன் அதை என்னையே சத்தமாக வாசிக்கச் சொல்வான். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, ஸ்பீக்கரில் வாசிக்க விடுவான். இரண்டும் ஒத்துப்போனால் "சரி அண்ணாச்சி" என்பான். குரலில் கோபம் இருக்காது. இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. முதலில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

போன மாதம் என் மகள் ஜெயசெல்விக்குக் கல்யாணம். பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக அவன் மேசைக்குப் போனேன். கொடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தான். மஞ்சள் தடவிய ஓரம் விரலில் பட்டதும் முகம் மலர்ந்தது.

"கல்யாணமா அண்ணாச்சி? சந்தோசம். வாசிங்க."

வாசித்தேன். என் பெண்ணின் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம், எல்லாம் வாசித்தேன். அவன் பத்திரிகையை வாங்கி ஸ்கேனரில் வைத்து, ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு, அது வாசித்து முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றான்.