சாப்பாடு திறந்தபோது அவள் பாடிக்கொண்டிருந்தாள்

டீசல் மணம். இப்போதும் எங்காவது ஒரு பஸ் உறுமிச் சூடாகிற மணம் மூக்கில் ஏறினால் எனக்கு ஸ்பானிய மொழியில் காதல் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள். அந்த மொழியில் எனக்கு நாலு சொல்லுக்கு மேல் தெரியாது.

ஸ்காபரோவில் நானும் ஸ்பானிய மொழி பேசுகிற ஒரு பழைய பாட்டுக்காரியும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினோம். விடிய என்ஜின் சூடாகும்வரை அவள் தன் பஸ்ஸுக்குள் இருந்து பாடுவாள். ஐம்பத்தெட்டு வயது. பதினாறில் வானொலிப் போட்டியில் வென்று, மூன்று இசைத்தட்டு வெளியிட்டு, தன் நாட்டில் சலூன், சந்தை, கலியாண வீடு என்று எங்கும் ஒலித்த குரல் அது. காதல், காதல், வேறொன்றும் இல்லை அந்தப் பாட்டுகளில். பிறகு அவளுக்கே கலியாணம், பிரிவு, கனடா. இங்கே ஒரு உணவகத்தில் கடைசியாகப் பாடியபோது, பாட்டு முடியுமுன்பே ஆட்கள் எழும்பிப் போய்விட்டார்களாம். அதோடு எட்டு வருஷமாக, ஆளில்லாத பஸ்ஸுக்கு மட்டும்தான் பாட்டு.

அந்த வசந்தத்தில் அவள் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பழைய பாடகர்கள் எல்லாரும் ஒரே மேடையில். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போக ஆசை, போகப் பயம். ஞாயிறு மத்தியானம் என் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள், வந்து பாடிப் பாரன் என்றேன். அங்கே நின்று பாட முடிந்தால் ஊருக்குப் போவேன், முடியாவிட்டால் இல்லை என்றாள்.

அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம். பச்சைச் சட்டையில் அவள் வாய் திறந்ததும் சனம் கதையை நிறுத்தியது. எங்கள் சனம், கதையை. இரண்டாவது பாட்டு உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்துப் பின்னால் சாப்பாட்டு மூடிகளைத் திறந்தார்கள். ஆட்டுக்கறி வாசம். ஒரே மூச்சில் கதிரையெல்லாம் காலி. அந்த முருகனே வந்து பாடினாலும் சாப்பாடு திறந்தால் நாங்கள் எழும்பி வரிசைக்குப் போவோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெறும் கதிரைகளுக்குப் பாடினாள். குரல் ஆடவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டு போனது. முடித்தாள். மைக்கைக் கீழே வைத்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேருமுன்பே, அண்ணையின் மாமியார் சோற்றுக் கோப்பையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும், கோப்பையும் கையுமாக.

"ஏன் பிள்ளை, அவ நிப்பாட்டிப் போட்டா?" மாமி என்னைத்தான் அதட்டினார். "முதல் பாடினதைத் திருப்பிப் பாடச் சொல்லு. பாட்டு முடிஞ்சிடும் எண்டு நான் சம்பலும் போடாமல் ஓடி வந்தனான்."

நான் இங்கிலிஷில் மொழிபெயர்த்தேன், சம்பலையும் சேர்த்து. அவள் சிரித்த சிரிப்பு மண்டபம் முழுக்க உருண்டது. அந்தப் பாட்டை நாலுதரம் பாடினாள். கறிக் கையோடு கைதட்ட முடியாதவர்கள் காலால் தாளம் போட்டார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை, பிறகேன் கண் கலங்குது என்று அண்ணை என்னைக் கேட்டார். உறைப்பு என்றேன்.

அடுத்த மாதம் அவளை விமான நிலையத்தில் நான்தான் இறக்கிவிட்டேன். பயமாய் இருக்கா என்று கேட்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

"மேடைக்காரரிட்டைச் சொல்லிப்போட்டன். முதல், சனத்துக்குச் சாப்பாடு. பிறகுதான் நான்."