மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்

பீப்... பீப்... பீப். சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பேன். மெஷின் கண்ணில் படுவதற்கு முன்பே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எங்கள் கிருமிநீக்கத் தொழிலில் நீளமாக ஒரு சத்தம் வந்தால் நிம்மதி, இப்படி விட்டு விட்டு வந்தால் பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ராத்திரி டூட்டி பார்க்கிற உங்களுக்கும் இப்படி ஒரு சத்தம் இருக்கும்.

தேனி ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. கத்தி, கத்தரியெல்லாம் நீராவியில் வேகும். கேமரா வைத்த குழாய்கள் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். அவற்றுக்காக வந்தது பிளாஸ்மா மெஷின்: உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக்கி, வெந்நீர்ச் சூட்டிலேயே கிருமியைக் கொல்லும். யாரும் சொல்லித்தரவில்லை, கையேட்டை அகராதி வைத்துப் படித்தேன். தூக்கம் வராதவனுக்கு வேறென்ன வேலை?

பச்சைத் துணி

போன மாதம் கம்பத்து ஜீப் டிரைவர் ஒருவர், சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து, காய்ச்சலோடு படுத்திருந்தார். காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். மதுரையிலிருந்து வருகிற டாக்டர் ஒன்பதுக்கெல்லாம் கிளம்பிவிடுவார். கல்லெடுக்கிற மெல்லிய கேமராக் குழாய் எங்களிடம் ஒன்றே ஒன்று.

நாலு மணிக்கு மெஷின் கத்தியது. திறந்து பார்த்தால், புதிதாக வந்த பாத்திமா சிஸ்டர் நீராவிப் பழக்கத்தில் குழாயைப் பச்சைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பருத்தி பெராக்சைடைக் குடித்துவிடும். கிருமிக்கு மிச்சம் வைக்காது. சொன்னதும் முகம் சுருங்கியது. துணியை அவிழ்த்துக்கொண்டே மெஷினைப் பார்த்துச் சொன்னார்: "இது பச்சப்பிள்ளைய விட மோசமா இருக்குதேண்ணே. அதாச்சும் துணி சுத்துனாத் தூங்கும்."

ஏலக்காய்

உரிய உறையில் போட்டு மறுபடி வைத்தோம். ஐந்தேகாலுக்கு மறுபடி பீப்: உள்ளே ஈரம் என்று காட்டியது. இந்தத் தடவை தவறு என்னுடையது. கழுவிய குழாயின் உள்துளை காயக் காற்றடித்தவன் அவசரத்தில் பாதியோடு விட்டிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் நேரம். அதுவும் போனால் காய்ச்சலோடு அவரை மதுரைக்கு ஏற்ற வேண்டியதுதான்.

மலைக்கு மேலே ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கிற டிரைவரின் மனைவி ஜன்னலுக்கு வந்து என்ன ஆச்சு என்றார். மழுப்ப மனம் வரவில்லை. சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ஏலக்காயும் இதே கததாண்ணே. மேல கலகலன்னு காஞ்சிருக்கும், உள்ள ஈரம் கெடக்கும். அவசரப்படாம ஊதுங்க, நான் இங்கனதான் இருக்கேன்."

கல்

குழாயைத் திரும்பக் கழுவி, நுனியை வெள்ளைத் தாளில் வைத்துக் காற்றடித்தேன். தாளில் ஈரப்புள்ளி விழுவது நின்ற பிறகும் அடித்தேன். ஆறே முக்காலுக்கு நீளமாக ஒரு சத்தம். உறைக்குள் வைத்த பட்டை, பெராக்சைடு எட்டியதற்கு அடையாளமாக, சிவப்பிலிருந்து மஞ்சளாகியிருந்தது. சிஸ்டர் தட்டோடு ஓடினார்.

ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு அந்த அம்மா வந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். மிளகில் பாதிகூட இல்லாத துணுக்கு.

"சரியாயிரும்னு டாக்டர் சொன்னாக. இம்புட்டூண்டு கல்லுக்காண்ணே நாம மூணு பேரும் விடிய விடிய நின்னோம்?"

கிருமியைக் கொல்வது மெஷின், ஈரத்தைத் துரத்துவது மட்டும்தான் என் பிழைப்பு என்று நினைத்தபடி எழுந்தபோது, அதே குழாய் அழுக்காகத் திரும்பி வந்திருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன்.