லேமினேஷன் போட்ட படகுத் தபால்

மருந்துக்கடைக்காரரை ஊரில் எல்லோரும் 'ஸ்டாம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஆயுளைத் தபால்தலை சேர்ப்பதிலேயே கழித்த மனுஷன். அத்தனையும் இந்த ஊர் ஆற்றில் முன்பு ஓடிய படகுத் தபாலின் தலைகள். வேறு எவரிடமும் இவ்வளவு கிடையாது. யாராவது வெறுங்கையால் ஆல்பத்தைத் தொட்டால் வீடு இரண்டுபடும். "இது என் சொத்து இல்ல, ஊர் சொத்து" என்பார்.

மழை வந்தால் வீடு ஒழுகும், அவருக்குத் தூக்கம் போய்விடும். ஒரு துளி போதும், பசை இளகித் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆவணக்காப்பகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதித்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது.

காப்பக அதிகாரி வரவிருந்த காலையில், மனைவி பூரிப்போடு ஒரு தாளை நீட்டினாள். முதல் ஆல்பத்தின் முதல் பக்கம். பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தது.

"இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதுங்க. முதல்ல ஒரு பக்கம் மட்டும் உங்களுக்குத் தெரியாமப் போட்டு வாங்கினேன்."

அவர் தாளைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி எந்தக் கொம்பனாலும் உரிக்க முடியாது. படகுத் தபாலின் முதல் தலைகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. இதைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வாய்வரை வந்த வசவை விழுங்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அதிகாரியம்மா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"ஐயோ, யாருங்க இப்படிப் பண்ணது?"

"நான்தாம்மா" என்றார் கடைக்காரர் அவசரமாக.

"அவரு இல்ல, நான்" என்றாள் மனைவி. "தப்புன்னு தெரியாதும்மா. வீட்டுல ஒழுகாத இடம் கட்டில் ஒண்ணுதான். மழை பெஞ்சா ஊர் சொத்து கட்டில்ல படுத்துக்கும், இவரு நாற்காலியில காவல் இருப்பாரு, நான் வாளிக்குப் பக்கத்துல பாயில கெடப்பேன். நீங்க எப்ப எடுத்துட்டுப் போவீங்களோ, அதுக்குள்ள இது நனையாதுன்னு ஆயிட்டா, கட்டில் எனக்குக் கிடைக்குமேன்னு பார்த்தேன்."

அதிகாரியம்மா அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தார். ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனார். முதல் பக்கம் மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாய் ரொம்ப நனைஞ்சிருமா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் அவள்.