வண்டி சூடான பிறகு வரும் சத்தம்

கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சத்தங்களைப் பிரித்துக் கேட்பதுதான் என் வேலை. வசனத்துக்குப் பின்னால் ஓடும் மின்விசிறியை, நடிகையின் வளையல் உரசலை, தெருவில் போன ஆட்டோவைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, என் சொந்த மோட்டார் சைக்கிளில் வரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மாதக்கணக்கில் தெரியவில்லை.

நீண்ட பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி அது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாய்மானம் எல்லாம் உண்டு. பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் குடகு வரை போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, வேறொருவர் சில வருடம் ஓட்டி விற்றதைத்தான் வாங்கினோம். அவள் மயிலாப்பூரில் கணக்கு ஆசிரியை. மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போய்த் திரும்பினோம். அடையாறு பாலத்தில் நெரிசல். வேகத்தைக் குறைத்ததும் கீச், கீச் என்று ஆரம்பித்தது. சக்கரம் சுற்றுகிற கணக்கிலேயே வந்தது. வலது கையால் முன் பிரேக்கை லேசாகத் தொட்டேன், நின்றது. விட்டேன், திரும்ப வந்தது. முன் சக்கரத்து பிரேக்தான், வேறு எதுவும் இல்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

இறங்கியதும் மனைவி, சத்தம் பின்னாலிருந்து வந்த மாதிரி இருக்கிறது, தன் வலது காலுக்குக் கீழே கேட்டது என்றாள். இரும்புச் சட்டம் வழியாகச் சத்தம் எங்கே வேண்டுமானாலும் போகும் என்று அவளுக்கு விளக்கினேன். தினமும் இதைத்தானே செய்கிறேன் என்ற தைரியம் எனக்கு.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். மறுநாள் போனபோது, ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்றால், தெருமுனை வரை. வண்டி நன்றாகச் சூடானால்தான் அந்தச் சத்தம் வரும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். அடுத்த முறை நானே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டி, சத்தம் வந்த நிலையிலேயே கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார்கள். என் முறை வந்து மெக்கானிக் வெளியே வருவதற்குள் வண்டி ஆறிப்போய்விட்டது. அவர் தள்ளிப் பார்த்தார். சத்தமே இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் முகத்தில் எழுதாத குறை. ஆனாலும் முன் சக்கரத்துக்கு பிரேக் பேட் புதிதாகப் போட்டார்கள், டிஸ்க்கைத் துடைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், தி. நகரில் உஸ்மான் சாலைக் கூட்டத்துக்குள் ஊர்ந்தபோது கீச், கீச். துணிப்பைகளோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர், "இன்னா சார், வண்டி அழுவுது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெரிய வண்டிகள் பார்த்துப் பழகியவர். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போயிருக்குது சார், சந்தேகமே வேணாம்" என்றார். பேரிங்கை மாற்றினார். அடுத்த வாரமும் சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போனேன். இந்த முறை அவரே எடுத்துக்கொண்டு நீண்ட நேரம் சுற்றிவிட்டு, வேர்த்துப்போய் வந்து இறங்கினார்.

"சத்தம் கீது சார். எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே புரியல. நீ கம்பெனிக்கே எட்த்துக்கினு போய்டு."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. குறைந்தபட்சம் சத்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

அந்த நாட்களில் நான் வீட்டில் வேறு எதுவும் பேசவில்லை என்று நினைக்கிறேன். சாப்பிடும்போதும் சக்கரம், படுக்கும்போதும் சக்கரம். பயணத்துக்கு அறை பதிவு செய்யவேண்டிய நேரத்தில், பிரேக் சரியாகாமல் மலைப்பாதையில் எப்படிப் போவது என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் மனைவி பொறுமை இழந்தாள்.

"பின்னாடிதான்னு நான் முதல் நாளே சொன்னேன். ஒரு தடவையாவது பின்னாடி பாத்தீங்களா?"

"முன் பிரேக்கைத் தொட்டா நிக்குது. பின் சக்கரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா காது எனக்கும் இருக்கு."

அதன் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. பள்ளிக்கு பஸ்ஸில் போனாள்.

அவளுக்கு நிரூபித்துக் காட்டவேண்டும் என்ற எரிச்சலில்தான் அதைச் செய்தேன். வேலை இல்லாத ஒரு பிற்பகலில் ஸ்டூடியோவிலிருந்து சட்டையில் குத்தும் சின்ன மைக் இரண்டை எடுத்து, காற்றுச் சத்தம் புகாமல் பஞ்சு சுற்றி, ஒன்றை முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒன்றைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒட்டினேன். பதிவுக் கருவி பெட்டிக்குள். வெயிலில் அடையாறு, திருவான்மியூர், தரமணி என்று சுற்றி, வண்டியைச் சூடாக்கி, சத்தம் வரும்வரை ஓட்டினேன். பிறகு ஸ்டூடியோவுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

முன் மைக்கில் தார் சாலையின் இரைச்சல் மட்டும்தான். கீச்சு எங்கோ தூரத்தில் கேட்டது. பின் மைக்கில் அது காதைக் கிழித்தது. நான் கையால் பிரேக்கைத் தொட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கீச்சு நின்ற அதே நொடியில், பின் மைக்கில், பின் சக்கரத்து டிஸ்க்கை பேட் உரசும் சத்தம் தெளிவாக இருந்தது. நான் காலால் பின் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போய் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவியைக் கீழே கூப்பிட்டேன். அவள் சமையலை நிறுத்திவிட்டு, வேண்டாவெறுப்பாக வந்தாள். பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். சுற்றினாள். நான் முன்னால் நின்று வலது கை லீவரை அழுத்தினேன். பின் சக்கரம் அவள் கையிலேயே இறுகி நின்றது. இந்த வண்டியில் கை பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரத்தோடு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதனால்தான் நான் கையால் தொட்டதும் பின் சக்கரத்துக் கீச்சு நின்றிருக்கிறது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. சர்வீஸ் சென்டரிலும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அவள் கையில் ஒட்டிய கரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கை கழுவ மேலே போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மேற்கு மாம்பலம் மெக்கானிக்கே பின் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினார். அது நகர்ந்து கொடுக்கிற கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டியதைச் சொன்னேன்; அப்படி வண்டியை இறக்கியிருக்கக் கூடாது என்றார். பிரேக்கை விட்ட பிறகும் பேட் முழுசாக விலகாமல், சூடாகச் சூடாக டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார். அவ்வளவுதான். அன்று எத்தனை தூரம் ஓட்டியும் சத்தம் வரவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாதங்கள், இத்தனை சண்டை, இதற்காகவா? அதற்குள் ஒரு பெரிய படத்தின் இறுதி ஒலிக்கலவை வேலை வந்துவிட்டது. விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய விடுமுறையும் முடிந்தது. குடகு அந்த வருடம் இல்லை என்று ஆயிற்று.

படம் முடிந்த ஞாயிறு காலையில் அவளே, கோவளம் வரைக்குமாவது போகலாமா என்றாள். கிளம்பினோம். கடல் தெரிகிற இடங்களில் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, தலையைச் சாய்த்துச் சக்கரத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். உத்தண்டி தாண்டியதும் அவள் என் தோளைத் தட்டினாள்.

"நான் இவ்வளவு நேரம் பேசினதுல ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துதா?"

விழவில்லை. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடுத்த விடுமுறைக்குக் குடகு போக இந்த வண்டி வேண்டாம், மலையடி வரை ரயிலில் போகலாமே என்றுதான் இத்தனை நேரமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.